ஒரு சதுர மீட்டரின் விலை: இடைக்கால டேப்பெஸ்ட்ரிகளும் வீட்டுச் சுவருக்கான நகல்களும்

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையில் 2015-இல் ஏழு சித்திரச் சுவர்த்துணிகள் மக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டன. 1495-க்கும் 1505-க்கும் இடையில் நெய்யப்பட்டு, இப்போது நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'யூனிகார்ன் வேட்டை' வரிசையின் கைநெசவு நகல்கள் அவை. செலவு சுமார் 20 லட்சம் பவுண்டு. நெசவாளர்கள் 18 பேர். 2001-இல் தொடங்கிய வேலை முடிய 13 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரு துணிக்குச் சராசரி 2,85,714 பவுண்டு. அதே யூனிகார்ன், அதே வேலி, அதே பூக்களோடு ஜக்கார்டு தறியில் நெய்த வீட்டு நகலோ சில நூறு யூரோவுக்குக் கிடைக்கிறது. இவ்விரு விலைகளுக்கும் இடையே உள்ள தொலைவைச் சதுர மீட்டர், மணி, இழை ஆகிய மூன்று அலகுகளில் அளக்க முடியும்.

முதலில் பரப்பு. குளோய்ஸ்டர்ஸ் வரிசையில் முழுமையாக எஞ்சியவை ஆறு. ஏழாவது இரண்டு துண்டுகளாக மட்டும் மிஞ்சியது. ஆறும் ஏறத்தாழ 368 செ.மீ. உயரம், அகலம் 251.5 செ.மீ. முதல் 427 செ.மீ. வரை. கூட்டினால் சுமார் 79.6 சதுர மீட்டர். ஸ்டெர்லிங்கின் ஏழுக்கும் 90 சதுர மீட்டர் என்று தாராளமாக ஒதுக்கினாலும், சதுர மீட்டருக்கு 22,222 பவுண்டு ஆகிறது. பரப்பு குறைவென்றால் இந்த விலை இன்னும் ஏறும்.

அசல்களின் காலத்திலும் பரப்பே விலையின் அடிப்படை. பர்கண்டி கோமகன் 'நல்லவர்' பிலிப் 1449-இல் தூர்னே நகரத்தில் கிதியோன் கதையை எட்டுத் துணிகளாக நெய்யச் சொன்னார். கெடு நான்கு ஆண்டு. தொகை 8,960 தங்க எக்யூ. மொத்த நீளம் 98 மீட்டர், உயரம் 5.6 மீட்டர், அதாவது 548.8 சதுர மீட்டர். ஃபிளாண்டர்ஸ் பகுதியின் அளவுக்கோல் சுமார் 70 செ.மீ. அந்தக் கோலால் அளந்தால் நீளம் 140, உயரம் 8. பெருக்கினால் 1,120 சதுரக் கோல். 8,960-ஐ 1,120-ஆல் வகுத்தால் மீதியின்றி 8 எக்யூ. பொன்னும் வெள்ளியும் சேர்த்து இழைத்த துணி என்றாலும், விலை பேசப்பட்டது சதுரக் கோலுக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் என்று இந்த மீதியின்மை காட்டுகிறது.

படம் வரைந்தவருக்கு எவ்வளவு? இதற்குத் தெளிவான எண் கிடைப்பது இடைக்காலம் முடிந்து சற்றுப் பின்னர். பத்தாம் லியோ போப்பாண்டவர் சிஸ்டைன் ஆலயத்துக்காக ரஃபேலிடம் மாதிரிப் படங்கள் வாங்கி, பிரஸ்ஸல்ஸில் பீட்டர் வான் ஆல்ஸ்ட் கூடத்தில் நெய்வித்த பத்துத் துணிகளின் மொத்தச் செலவு சுமார் 16,000 டூகாட். அதில் ரஃபேலுக்குச் சுமார் 1,000 டூகாட், அதாவது 6.25 விழுக்காடு. எஞ்சிய 93.75 விழுக்காடு நூலுக்கும் நெசவுக்கும் போனது. அதே ஆலயத்தின் விதானத்தை வரைந்த மைக்கேலாஞ்சலோ பெற்றது சுமார் 3,000 டூகாட். துணியின் விலை அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

நெசவுக்குப் போன பணம் நேரத்துக்குப் போன பணம். தலா 5 கஜம் உயரமும் 8 கஜம் அகலமும் உள்ள ஆறு துணிகளை, அதிக நுணுக்கமில்லாத தரத்தில் நெய்ய 30 நெசவாளர்களுக்கு 8 முதல் 16 மாதம் பிடித்திருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தறி பூட்டும் நேரமும் மாதிரி வரையும் நேரமும் இதில் சேராது. ஆறின் பரப்பு 200.7 சதுர மீட்டர். உழைப்பு 240 முதல் 480 ஆள்-மாதம். ஆக, ஒருவர் ஒரு மாதத்தில் நெய்தது 0.42 முதல் 0.84 சதுர மீட்டர். இவ்விரண்டுக்கும் இடையே 0.5 என்று வைத்தால், கிதியோன் வரிசைக்கு 1,098 ஆள்-மாதம், ஏறக்குறைய 91 ஆள்-ஆண்டு வேண்டியிருக்கும். நான்கு ஆண்டுக் கெடுவுக்குள் முடிக்க, நாள்தோறும் 23 பேர் தறியில் உட்கார வேண்டும்.

இன்றைய கைத்தறி வேகமும் இதிலிருந்து வெகுவாக விலகவில்லை. பிரான்சின் ஓபுஸோன் நகரத்தில் (அந்நகரின் டேப்பெஸ்ட்ரி நெசவு 2009-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது) ஒரு நெசவாளருக்கு மாதம் சுமார் 1 சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. பாரிஸின் கோபெலான் அரசு நெசவுக்கூடத்தில், நுணுக்கமான வேலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1 சதுர மீட்டர்தான். இரண்டும் கைத்தறி; இடைவெளி 12 மடங்கு. வில்லியம் மோரிஸ் 1879-இல் தம் படுக்கையறையில் தறி போட்டு நெய்த முதல் துணிக்கு 516 மணி நேரம் ஆனதாகக் குறித்து வைத்தார். மாதம் 160 மணி என்றால் அது 3.2 மாத முழுநேர வேலை. 'கைநெசவு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து விலையை ஊகிக்க முடியாது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

வேறுபாட்டில் ஒரு பகுதியைப் பாவு நூலின் நெருக்கம் விளக்குகிறது. டேப்பெஸ்ட்ரியில் பாவு முழுவதும் ஊடைக்குள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது ஊடையின் நிறம் மட்டும். 1373-க்கும் 1382-க்கும் இடையில் அஞ்சு கோமகன் முதலாம் லூயிக்காக நெய்யப்பட்டு, இப்போது ஆன்ஜே கோட்டையில் இருக்கும் 'அப்போகலிப்ஸ்' துணியில் சென்டிமீட்டருக்குச் சுமார் 5 பாவு நூல். 1500-ஐ ஒட்டிய நல்ல துணிகளில் 6 முதல் 8. பாவு நெருங்கினால் ஊடையும் மெலிய வேண்டும். ஆகவே வேலை இருபுறமும் பெருகும்: 5-இன் வர்க்கம் 25, 8-இன் வர்க்கம் 64. சென்டிமீட்டருக்கு 3 நூல் கூடினால் புள்ளிகள் 2.56 மடங்கு. நெருக்கத்தைப் பாதியாக்கி 8-ஐ 4 ஆக்கினால் வேலை கால்பங்காகச் சுருங்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. அருகே போனால் முகத்தின் வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும்.

இந்த மணிக்கணக்கை உடைத்தது 1804-ஐ ஒட்டி லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு வடிவமைத்த கருவி. துளையிட்ட அட்டை ஒன்றுக்கு ஊடை இழை ஒன்று. எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். 1839-இல் லியோனில் பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படத்துக்கு 24,000 அட்டைகள் செலவாயின. முதல் பிரதிக்கு அத்தனை அட்டையும் குத்தியாக வேண்டும்; இரண்டாம் பிரதிக்கு ஓர் அட்டைகூடப் புதிதாக வேண்டாம். காஞ்சிபுரத்துச் சேலைக் கரைக்கு மேல் தொங்கும் ஜக்கார்டு பெட்டியும் இதே கணக்கில் இயங்குவதுதான். 1983-இல் மின்னணு ஜக்கார்டு வந்தபின் அட்டையும் போயிற்று. இப்போது வடிவம் கணினிக் கோப்பாகத் தறிக்கு வருகிறது.

தறியின் வேகத்தை எடுத்துக்காட்டுக் கணக்காகப் போடலாம். நிமிடத்துக்கு 300 ஊடை, சென்டிமீட்டருக்கு 30 ஊடை, துணி அகலம் 150 செ.மீ. என்று கொள்வோம். நிமிடத்துக்கு 10 செ.மீ. நீளம், 1,500 சதுர செ.மீ. துணி. ஒரு சதுர மீட்டருக்கு 6.67 நிமிடம். நூல் அறுவது, நிறுத்துவது எல்லாம் கழித்துத் தறி 65 விழுக்காடு நேரமே ஓடுகிறது என்றால் சுமார் 10 நிமிடம். ஓபுஸோன் நெசவாளரின் ஒரு மாதம் 160 மணி, அதாவது 9,600 நிமிடம். விகிதம் 960-க்கு 1.

விலை அந்த விகிதத்தில் இறங்கவில்லை. ஜக்கார்டு நகலைச் சதுர மீட்டருக்கு 300 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெர்லிங் கணக்கின் 22,222 பவுண்டு, 2015-இன் மாற்று விகிதத்தில் சுமார் 30,000 யூரோ. விலை விகிதம் 100-க்கு 1. நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியபோது விலை நூறில் ஒன்றாகவே சுருங்கியது. கைத்தறியில் நெய்யும் நேரம் பாதியானால் விலையும் பாதிக்கு அருகே வரும். ஜக்கார்டில் 10 நிமிடம் 5 ஆனால் வாங்குபவருக்குத் தெரியும்படி எதுவும் மாறாது. அங்கே விலையைத் தீர்மானிப்பவை நூல், தறியின் முதலீடு, வடிவம் தயாரிப்பு, பின்புற லைனிங், கம்பி நுழைக்கும் மடிப்பு, சரக்குக் கட்டணம், கடைக்காரரின் பங்கு. நெசவு என்பது செலவுப் பட்டியலின் கடைசி வரிகளில் ஒன்றாகிவிட்டது.

வடிவம் தயாரிக்கும் செலவு வேறொரு விளைவையும் தருகிறது. ஓர் அசலைப் படமெடுத்து, நிறம் பிரித்து, நெசவுக் கோப்பாக்க 100 மணி ஆகிறது என்று வைப்போம். 1,000 பிரதி விற்றால் பிரதிக்கு 6 நிமிடம். 10 மட்டும் விற்றால் பிரதிக்கு 10 மணி. நூறு மடங்கு வேறுபாடு. கடைகளில் 'சீமாட்டியும் யூனிகார்னும்', 'சிறைப்பட்ட யூனிகார்ன்', 'திராட்சை அறுவடை' என்று தெரிந்த படங்களே திரும்பத் திரும்ப வருவதற்கு ரசனை மட்டும் காரணமாக இராது.

வீட்டுச் சுவர் சிறியது. எனவே நகலும் சிறுக்க வேண்டும். 'சிறைப்பட்ட யூனிகார்ன்' 368 செ.மீ. உயரம், 251.5 செ.மீ. அகலம், 9.26 சதுர மீட்டர். 120 செ.மீ. உயரத்துக்குக் குறைத்தால் அகலம் 82 செ.மீ., பரப்பு 0.98 சதுர மீட்டர், அசலில் 10.6 விழுக்காடு. இடைக்காலத் துணிகள் பக்கவாட்டில் நெய்யப்பட்டவை. தொங்கவிடும்போது பாவு கிடைமட்டமாக ஓடும். சென்டிமீட்டருக்கு 7 பாவு என்றால் அசலின் உயரத்தில் 2,576 நூல். அத்தனையும் 120 செ.மீ.-க்குள் அடங்க சென்டிமீட்டருக்கு 21.5 நூல் வேண்டும். கம்பளி ஊடையால் கையில் இதைச் செய்ய முடியாது. மெல்லிய பருத்தி நூல் ஜக்கார்டில் முடியும். சிறுக்குவது என்ற ஒரு வேலையில் இயந்திரம் கையைவிட மேலானது.

ஆனால் அங்கும் ஒரு வரம்பு உண்டு. கைத்தறியில் வேண்டிய இடத்தில் வேண்டிய நிற ஊடையை வைக்கலாம். ஜக்கார்டில் பெரும்பாலும் பாவிலேயே நிறங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்று முன்னே வர, மற்றவை பின்னே மறையும். ஆறு நிறப் பாவு என்றால் 21.5-ஐ ஆறால் பெருக்கிச் சென்டிமீட்டருக்கு 129 இழை தேவை. அவ்வளவு நெருக்கம் வீட்டு அலங்காரத் துணிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே படம் எளிமையாக்கப்படுகிறது. யூனிகார்ன் வரிசையில் 101 வகைச் செடிகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றில் 85-க்கும் மேற்பட்டவை இன்ன செடி என்று அடையாளம் காணப்பட்டவை. பத்தில் ஒரு பங்குப் பரப்பில் இலைக்காம்பும் இதழ் நுனியும் சேர்ந்து ஒரே புள்ளியாகும்போது, செடி நிற்கும். எந்தச் செடி என்பது நிற்காது.

மெத்தையுறையில் இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போகிறது. பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் உள்ள 'சீமாட்டியும் யூனிகார்னும்' வரிசையில் மிகப் பெரிய துணி 377 செ.மீ. உயரம், 473 செ.மீ. அகலம், 17.83 சதுர மீட்டர். 45 செ.மீ. சதுர உறை 0.2025 சதுர மீட்டர், அசலில் 1.14 விழுக்காடு. முழுப் படத்தையும் அதில் அடைக்க இயலாது என்பதால் முயலோ சிங்கமோ யூனிகார்னின் தலையோ தனியே வெட்டி எடுக்கப்படுகிறது. நகல் என்பதைவிட மேற்கோள் என்பது அதற்குப் பொருந்தும்.

நிறத்தின் எண்ணிக்கை எதிர்பாராத திசையில் போகிறது. 'யூனிகார்ன் வேட்டை' வரிசையின் நிறங்களுக்கு அடிப்படை மூன்று செடிகள்: சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு வோடு, மஞ்சளுக்கு வெல்டு. கலந்தும் திரும்பத் தோய்த்தும் மற்ற சாயல்கள் பிறந்தன. 19-ஆம் நூற்றாண்டில் கோபெலானின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் 14,000-க்கும் மேற்பட்ட நிறச் சாயல்களைப் பட்டியலிட்டார். நிறங்கள் பெருகியது சாயத்தின் ஆயுளைக் கூட்டவில்லை. க்ளூனியின் ஆறு துணிகளும் ஈரத்தால் அடிப்பகுதி கெட்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிய வேதிச் சாய நூலால் ஒட்டு நெய்யப்பட்டன. இன்று வெளிறித் தெரிவது 500 ஆண்டு நூலன்று. சுமார் 130 ஆண்டு நூல்.

வெளிறுதலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பழந்துணிக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் ஒளி வரம்பு 50 லக்ஸ். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. ஜன்னலுள்ள கூடத்தில் சராசரி 500 லக்ஸ், நாளுக்கு 10 மணி, 365 நாள் என்றால் 18,25,000. விகிதம் 15.2. அருங்காட்சியகத்தில் 15 ஆண்டில் படும் ஒளி வீட்டில் ஓராண்டில் படுகிறது. நேர் வெயில் விழும் சுவரில் இதைவிட விரைவாக. ஆன்ஜே துணியின் முன்புறம் மங்கியிருக்க, நெடுங்காலம் லைனிங்குக்குப் பின்னால் மறைந்திருந்த பின்புறம் பச்சையும் நீலமும் சிவப்புமாக இன்னும் அடர்ந்திருக்கிறது. நூலும் வயதும் ஒன்றே, வேறுபட்டது ஒளி.

அதே ஆன்ஜே துணி, பெறுமதி எவ்வளவு கீழே போகும் என்பதற்கும் எண் தருகிறது. முதலில் சுமார் 140 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம், 90 காட்சி. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் துண்டு துண்டாகி, ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கப் போர்த்தவும் லாயத்தில் விரிக்கவும் பயன்பட்டது. எஞ்சியது சுமார் 104 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் உயரம், 71 காட்சி. காட்சியில் 79 விழுக்காடு மிஞ்சியது; பரப்பில் 840 சதுர மீட்டருக்கு 468, அதாவது 56 விழுக்காடு.

மீண்ட துணிகளின் விலை 40 ஆண்டில் எப்படி மாறியது என்பதை இரு விற்பனைகள் காட்டுகின்றன. 1882-இல் புஸ்ஸாக் ஊராட்சி 'சீமாட்டியும் யூனிகார்னும்' ஆறையும் க்ளூனிக்கு 25,500 ஃபிராங்குக்கு விற்றது. பரப்பு 81.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 312.5 ஃபிராங்க், அன்றைய தங்க விகிதத்தில் சுமார் 60 டாலர். 1922-இல் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 'யூனிகார்ன் வேட்டை' ஆறைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கி, நியூயார்க்கில் தம் வீட்டிலேயே மாட்டினார். 1937-இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சதுர மீட்டருக்குச் சுமார் 12,560 டாலர். ஏறத்தாழ ஒரே பரப்பு, ஒரே காலத் துணி. விலை 209 மடங்கு. அந்த 40 ஆண்டில் அமெரிக்க விலைவாசி இரு மடங்கைக்கூட எட்டவில்லை. நெசவு மணி கூடவில்லை. கூடியது வாங்குவோரின் பணம்.

உழைப்புக்கு விலையே போடாத நகலும் உண்டு. இங்கிலாந்தின் லீக் ஊரில் எலிசபெத் வார்டில் தலைமையில் 35 பெண்கள் 1885-86-இல் பேயூ துணியின் முழு நகலைச் செய்தார்கள். பேயூ துணி பெயரளவில் டேப்பெஸ்ட்ரி. உண்மையில் லினன் துணிமேல் கம்பளி நூலால் போட்ட தையல் வேலை, ஏறக்குறைய 70 மீட்டர். ஒவ்வொருவரும் தைத்த பகுதியின் கீழே தம் பெயரையும் தைத்தார்கள். அசலில் அம்மணமாக நிற்கும் ஓர் உருவத்துக்கு நகலில் கால்சட்டை வந்தது. 1895-இல் அது 300 பவுண்டுக்கு விலைபோய் ரெடிங் நகர அருங்காட்சியகத்துக்கு வந்தது. மீட்டருக்கு 4.29 பவுண்டு, தலைக்குப் பிரித்தால் 8.57 பவுண்டு. இந்தத் தொகை ஓராண்டுக்கும் மேலான வேலைக்குக் கூலியாகாது.

வாங்குபவர் கையில் இருக்கும் துணி எந்த வகை என்பதைப் பின்புறம் சொல்லிவிடும். கைத்தறித் துணியின் பின்புறத்தில் அதே படம் இடவலம் மாறி, நூல் முனைகள் தொங்க இருக்கும். இரு நிறம் பாவு நூலின் திசையில் சந்திக்கும் இடங்களில் சிறு பிளவு அல்லது அதைத் தைத்த தடம் தெரியும். ஜக்கார்டில் பயன்படாத நிறங்கள் பின்னால் நேர்கோட்டுப் பட்டைகளாக ஓடும். சுங்கத் துறையும் இதே கோட்டைப் போடுகிறது. கையால் நெய்த கோபெலான், ஃபிளாண்டர்ஸ், ஓபுஸோன், போவே வகைத் துணிகளுக்கும் ஊசித் தையல் டேப்பெஸ்ட்ரிகளுக்கும் உலகப் பொதுச் சுங்க எண் 5805. இயந்திரத்தில் நெய்தது அதில் வராது. வீட்டு அலங்காரத் துணிகளுக்கான 6304-இல் சேரும். விலைச்சீட்டில் எது எழுதியிருந்தாலும் சரக்குச் சீட்டில் உள்ள நான்கு இலக்கம் வேறுபாட்டைக் காட்டும்.

ஒரு சதுர மீட்டர் அளவில் பேரேட்டைச் சுருக்கினால்:

1449, கிதியோன், புதிய நெசவு: 16.3 எக்யூ.
1882, சீமாட்டியும் யூனிகார்னும், பழைய துணி: 312.5 ஃபிராங்க்.
1922, யூனிகார்ன் வேட்டை, பழைய துணி: சுமார் 12,560 டாலர்.
2015, ஸ்டெர்லிங், கைநெசவு நகல்: சுமார் 22,200 பவுண்டு.
இன்று, ஜக்கார்டு நகல், எடுத்துக்காட்டு விலை: 300 யூரோ.

முதல் வரியிலும் நான்காம் வரியிலும் விலையின் பெரும்பகுதி நெசவு மணி. இடையில் உள்ள இரண்டும் அரிதான பொருளுக்கான விலை. கடைசி வரி நூலுக்கும் வடிவத்துக்கும் விநியோகத்துக்குமான விலை. ஐந்தும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் ஒன்றை மற்றதன் மலிவுப் பதிப்பு என்று கொள்வது கணக்குப் பிழை. 300 யூரோ கொடுப்பவர் ஏமாறவில்லை. 10 நிமிட நெசவுக்கு உரிய துணியை வாங்குகிறார். அதற்கேற்பக் கேட்க வேண்டிய எண்கள் நான்கு: அசலின் எத்தனை விழுக்காடு பரப்பு, சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, கம்பளி, பருத்தி, பாலியெஸ்டர் எந்த விகிதம், சாயத்தின் ஒளித்தாங்கு தரம் 1 முதல் 8 வரையுள்ள அளவில் எத்தனை. நான்கையும் எழுதித் தரும் விற்பனையாளரிடம் 300 யூரோ நியாயமா என்று பேரம் பேசலாம். நூற்றாண்டின் பெயரை மட்டும் எழுதித் தருபவரிடம் பேரத்துக்கு அடிப்படை இல்லை.